பத்து முள்ளா, பதினொரு முள்ளா? கோமாளி மீன் அட்டைகளைப் பற்றி ஒரு விமர்சனம்

போன வருஷம் ஆடி மாதம் எங்கள் வீட்டு மரைன் டேங்கில் ஒரு கோமாளி மீன் செத்துப் போனது. நோய் எதுவும் இல்லை. கூட இருந்த இன்னொரு கோமாளி மீன் அதைக் கடித்தே கொன்றுவிட்டது.

வாங்கும்போது கடைக்காரர் சொன்னது இது: "பெர்குலா ஜோடி சார். ஒண்ணு ஆண், ஒண்ணு பெண். தனித்தனியா தரமாட்டேன்." இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, ஆறு சென்டிமீட்டர் இருக்கும். முதல் நான்கு நாள் ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றி வந்தன. "ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுச்சுப்பா" என்றாள் மகள். ஐந்தாம் நாள் ஒன்றின் வால் கிழிந்திருந்தது. அதன்பின் அது ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது, சாப்பிட வெளியே வரவில்லை. பிரித்து வைக்கலாம் என்று தனித்தொட்டி தயார் செய்த அன்று காலையில் முடிந்துவிட்டது.

அந்த ஒரு வாக்கியத்தில் கடைக்காரர் இரண்டு விஷயங்களை உறுதியாகச் சொல்லியிருந்தார்: இனம் பெர்குலா, பால் ஒன்று ஆண், ஒன்று பெண். இரண்டாவது தப்பு என்று மீன் செத்த பிறகு தெரிந்துவிட்டது. முதலாவதாவது சரியா என்று பார்க்கப் போனேன். நான் படித்தது பி.இ., பிழைப்பு சாஃப்ட்வேர். உயிரியல் பட்டம் கிடையாது. ஆனால் ஒரு சந்தேகம் வந்தால் அதை விட்டுவிட முடியாத வியாதி உண்டு, இந்த வலைப்பதிவைப் படிப்பவர்களுக்கு அது தெரியும்.

தேடியவுடன் கிடைப்பவை "இரண்டுக்கும் ஆறு வித்தியாசம்" பாணி அட்டைகள்தான். வெள்ளைப் பின்னணியில் இடது பக்கம் ஓசெல்லாரிஸ், வலது பக்கம் பெர்குலா, நடுவில் அம்புக்குறிகள். ஆண் பெண் பார்ப்பதற்கு வேறொரு அட்டை. இந்தக் கட்டுரை அந்த அட்டைகளைப் பற்றிய விமர்சனம். அவற்றில் இருக்கும் தகவல்கள் பெரும்பாலும் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் கோளாறு.

அட்டை சொல்வது

ஆம்ஃபிப்ரியான் ஓசெல்லாரிஸ், ஆம்ஃபிப்ரியான் பெர்குலா. இரண்டும் ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. லாசெபேட் 1802-லேயே பெர்குலாவுக்குப் பெயர் வைத்துவிட்டார். கூவியே 1830-ல் ஓசெல்லாரிஸுக்கு வைத்தார். பிரிக்க அட்டைகள் தரும் குறிகள் இவை: முதுகுத் துடுப்பில் ஓசெல்லாரிஸுக்கு 11 முள், பெர்குலாவுக்கு 10. பெர்குலாவின் வெள்ளைப் பட்டைகளைச் சுற்றித் தடித்த கறுப்புக் கரை, ஓசெல்லாரிஸுக்கு மெல்லிய கோடு அல்லது ஒன்றுமே இல்லை. பெர்குலாவின் கண்ணைச் சுற்றிப் பளிச்சென்ற ஆரஞ்சு வளையம், ஓசெல்லாரிஸுக்குச் சாம்பல் கலந்த ஆரஞ்சு. ஓசெல்லாரிஸின் முதுகுத் துடுப்பில் முன்பகுதி கொஞ்சம் உயரம்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கறுப்புக் கரையில் ஆரம்பிக்கலாம், கண்ணில் முதலில் படுவது அதுதான். தடித்த கறுப்பு இருந்தால் பெர்குலா என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஆனால் கறுப்பு இல்லையென்றால் எதுவும் சொல்ல முடியாது. குட்டிப் பெர்குலாக்களில் கறுப்பு குறைவு, வளர்ந்தவற்றிலும் எல்லாவற்றுக்கும் தடித்து வருவதில்லை. அட்டையின் படத்தில் இருப்பதோ நன்றாக வளர்ந்த, நன்றாகக் கறுத்த பெர்குலா. கடையில் கிடைப்பது மூன்று சென்டிமீட்டர் குட்டி. கண் வளையம் நேரில் உபயோகப்படும், ஆனால் நீல எல்.ஈ.டி. வெளிச்சத்தில் ஆரஞ்சும் சாம்பலும் ஒன்றுதான். மரைன் டேங்க் வைத்திருக்கும் எல்லோரும் நீல வெளிச்சம்தான் போடுகிறோம்.

மிச்சம் முள். எண்ணிக்கை என்பதால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. நிறம் மாறும், எண் மாறாது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உயிரோடு இருந்த மீனைப் பல தடவை படம் எடுத்து எண்ணினேன். ஒரு படத்தில் 10, இன்னொன்றில் 11, மங்கலான ஒன்றில் 9. மீன் துடுப்பை விரித்து வைத்துக்கொண்டு நமக்காக நிற்பதில்லை. முள் முடிந்து மென்கதிர் ஆரம்பிக்கும் இடமும் வெளியில் கோடு போட்டுக் காட்டுவதில்லை.

கடைசியில் செத்த மீனைத்தான் எண்ணினேன். ஒரு பிளாஸ்டிக் அட்டையில் துடுப்பை விரித்து, பின்னால் டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியோடு. மனைவி எட்டிப் பார்த்து, "உயிரோட இருக்கும்போது இவ்வளவு கவனிச்சிருக்கலாம்" என்றார். பதில் சொல்லவில்லை. எண்ணிக்கை 10.

அப்போ பெர்குலாதானே? அங்கேதான் அட்டையை மூடிவிட்டு மூலத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. வகைப்பாட்டு நூல்கள் சொல்வது: ஓசெல்லாரிஸுக்கு வழக்கமாக 11, அரிதாக 10, பெர்குலாவுக்கு வழக்கமாக 10, அரிதாக 9. ஆக 11 என்றால் ஓசெல்லாரிஸ் பக்கம், 9 என்றால் பெர்குலா பக்கம். 10 என்றால் இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. "வழக்கமாக", "அரிதாக" என்ற இரண்டு சொற்களை அட்டை தின்றுவிட்டது.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் நான் கற்பனையாக வைத்தவைதான். சந்தைக்கு வரும் 100 மீனில் 90 ஓசெல்லாரிஸ், 10 பெர்குலா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசெல்லாரிஸில் பத்தில் ஒன்றுக்கு 10 முள் இருந்தால் அப்படி 9 மீன். பெர்குலாவில் பத்தில் ஒன்பதுக்கு 10 முள் என்றால் அதுவும் 9 மீன். இப்போது உங்கள் கையில் 10 முள்ளோடு ஒரு மீன் இருக்கிறது. அது எது? சரிபாதி வாய்ப்பு. பூவா தலையா போட்டுப் பார்ப்பதும், டார்ச் அடித்து எண்ணுவதும் ஒன்றுதான். ஒரு குறி எவ்வளவு நம்பகமானது என்பது அந்தக் குறியை மட்டும் பொறுத்ததில்லை. எந்தக் கூட்டத்திலிருந்து மீன் வந்தது என்பதையும் பொறுத்தது. வேலையில் தினமும் பார்க்கிற விஷயம் இது. ஆயினும் மீன் என்று வந்தபோது எனக்கு உறைக்கவில்லை.

புத்தகம் சொல்வது

இந்த விஷயத்தில் எல்லோரும் போய் நிற்கும் புத்தகம் ஒன்று உண்டு. டாஃப்னி ஃபாட்டினும் ஜெரால்ட் ஆலனும் எழுதிய கோமாளி மீன்களுக்கும் அவற்றின் கடல் சாமந்திகளுக்குமான கள வழிகாட்டி. மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 1992-ல் வெளியிட்டது, 1997-ல் திருத்திய பதிப்பு. ஃபாட்டின் கடல் சாமந்தி நிபுணர், ஆலன் மீன் நிபுணர். 28 மீன்கள், 10 சாமந்திகள். கோமாளி மீன் குடியிருக்கும் அந்தப் பூ மாதிரியான உயிரியைத்தான் கடல் சாமந்தி என்கிறேன். அது விலங்கு, செடி இல்லை.

அட்டைகளில் இருக்கும் குறிகளில் பலவும் இந்த மாதிரிப் புத்தகங்களிலிருந்து இறங்கி வந்தவைதான். ஆனால் புத்தகத்தில் ஒவ்வொரு மீனுக்கும் நிறம், முள் என்பதோடு வேறு சில தலைப்புகளும் இருக்கின்றன: எங்கே வாழ்கிறது, எந்தச் சாமந்தியில் வாழ்கிறது, எதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பெர்குலாவையும் ஓசெல்லாரிஸையும் பொறுத்தவரை "எங்கே" என்பதுதான் தீர்ப்பு. ஓசெல்லாரிஸ் அந்தமான் நிக்கோபார் தொடங்கி தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஜப்பானின் ரியூக்யூ தீவுகள், வடமேற்கு ஆஸ்திரேலியா வரை. பெர்குலா வட குயின்ஸ்லாந்து, நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு. இரண்டும் கடலைப் பாகப்பிரிவினை செய்துகொண்டிருக்கின்றன. அந்தமானில் முங்கிப் பார்க்கிறவருக்கு முள் எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

முழுக்க எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று: 2003-ல் வந்த ஃபைண்டிங் நீமோ. நீமோ ஓசெல்லாரிஸ் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள், உருவம் அப்படி இருக்கிறது என்பார்கள். ஆனால் கதை நடப்பது கிரேட் பேரியர் ரீஃபில். அங்கே இயற்கையாக வாழ்வது பெர்குலா. உருவத்தை நம்பினால் ஒரு விடை, ஊரை நம்பினால் வேறு விடை. கார்ட்டூன் மீனுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அந்தச் சண்டை இன்றும் ஓயாததற்குக் காரணம், எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று யாரும் முடிவு செய்யாததுதான்.

புத்தகத்திலும் குறை உண்டு. 28 என்ற எண்ணிக்கை நிற்கவில்லை. அதில் தனி இனமாக வரும் லியூகோக்ரானோஸ், தியெல்லே இரண்டும் கலப்பு மீன்கள் என்பதுதான் இன்றைய கருத்து. நியூ கினி, சாலமன் தீவுகள் பக்கத்தில் கிரைசாப்டெரஸும் சாண்டராசினோஸும் ஒரே சாமந்தியில் குடியிருக்க நேர்ந்து பிறந்ததுதான் லியூகோக்ரானோஸ். கடலிலேயே கலப்பு நடக்கிறது என்றால், "ஒரு மீன், ஒரு பெயர், ஒரு பக்கம்" என்ற புத்தகத்தின் அமைப்பே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. பதிப்புக்குப் பிறகு புதிய இனங்களும் சேர்ந்திருக்கின்றன. ஃபிஜியின் பார்பெரி 2008-ல் விவரிக்கப்பட்டது.

இருந்தாலும் அந்தப் புத்தகம் ஏமாற்றவில்லை. தன் வாசகர் யார் என்று அதற்குத் தெரியும். அது கள வழிகாட்டி. தான் எந்தக் கடலில் முங்குகிறோம் என்று தெரிந்தவர், மீனை அதன் வீட்டிலேயே பார்க்கிறவர், அவருக்காக எழுதியது. நம் அட்டைகள் அதிலிருந்து குறிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, முங்குகிறவர் நின்ற இடத்தை அழித்துவிட்டன. வெள்ளைப் பின்னணி என்பது வெறும் டிசைன் இல்லை. வெட்டி எடுத்தது தேவையான தகவலை.

எங்கள் கடைக்காரரிடம் பிறகு ஒரு நாள் கேட்டேன், "இது எங்கேருந்து வருது?" "டீலர் குடுக்கறது சார். சில லாட் அந்தமான்ல பிடிச்சதுன்னு சொல்வாங்க, சிலது ஹேச்சரி." தொட்டியில் ஒட்டியிருந்த லேபிள் எல்லாவற்றுக்கும் பெர்குலாதான். அந்தமானில் பிடித்தது என்பது உண்மையானால் பெர்குலா என்பது தப்பு. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு வந்த பெட்டியில் எழுதியிருந்ததை அவர் எழுதினார்.

ஹேச்சரி மீன் என்றால் கதை இன்னும் சிக்கல். அதற்கு ஊரே கிடையாது. பொரித்தது சிமென்ட் தொட்டியில். ஸ்னோஃப்ளேக், பிக்காசோ என்று வடிவம் வேண்டித் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள், இரண்டு இனங்களையும் கலந்தும் வளர்க்கிறார்கள். கலப்பு மீனுக்கு "10 முள்ளா 11 முள்ளா" என்ற கேள்வியே பொருந்தாது. தாய் தகப்பன் யார் என்று வளர்த்தவர் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

செபே என்ற பெயர்

நம் கடலுக்கே வருவோம். மன்னார் வளைகுடாவில் இருக்கும் கோமாளி மீன்களில் செபேயும் கிளார்கீயும் முக்கியமானவை. பென்னட் 1830-ல் கிளார்கீயை விவரித்தது இலங்கையில் கிடைத்த மீனை வைத்துத்தான். செபேக்குப் பெயர் வைத்தவர் பிளீக்கர், 1853-ல். ஆல்பர்ட்டஸ் செபா என்ற டச்சு மருந்துக் கடைக்காரரின், அந்தக் காலத்தில் புகழ்பெற்ற சேகரிப்பாளரின் நினைவாக.

இரண்டும் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் கலந்தவை. கிளார்கீக்கு மூன்று வெள்ளைப் பட்டை, மூன்றாவது வாலடியில். செபேக்கு வாலடியில் பட்டை கிடையாது, வால் மஞ்சள். நடுப்பட்டை பின்பக்கம் சாய்ந்து முதுகுத் துடுப்பு வரை ஏறும். பெர்குலா, ஓசெல்லாரிஸ் போல இல்லாமல் இதைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம். ஆனால் கடைகளில் கிளார்கீயும் செபே என்ற பெயரில்தான் பல சமயம் போகிறது.

வேடிக்கை இதற்கு மேல். கடைகளில் "செபே அனிமோன்" என்று ஒரு சாமந்தி விற்கிறார்கள். அது பெரும்பாலும் ஹெட்டராக்டிஸ் கிரிஸ்பா. செபே மீன் கடலில் அதில் குடியிருப்பதில்லை, அதன் வீடு ஸ்டைக்கோடாக்டைலா ஹட்டோனி என்ற கம்பளம் போல விரியும் சாமந்தி ஒன்றுதான். கிளார்கீயோ 10 சாமந்திகளில் எதிலும் இருக்கும். ஆக, பெயரை நம்பி "செபே மீனுக்கு செபே அனிமோன்" வாங்குகிறவர் வேறு மீனை வேறு வீட்டோடு வாங்கிக்கொண்டு வரலாம், இரண்டு லேபிளும் பொருந்திப் போகின்றன என்ற திருப்தியோடு.

குடியிருக்கும் இடம் அடையாளத்துக்கு ஒரு துணைக்குறிப்பு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். 2021-ல் வந்த ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. பாப்புவா நியூ கினியின் கிம்பே வளைகுடாவில் குட்டிப் பெர்குலாக்களைப் பார்த்தார்கள். ஸ்டைக்கோடாக்டைலா ஜைகாண்டியாவில் குடியேறிய குட்டிகளுக்கு வெள்ளைப் பட்டைகள் சீக்கிரம் வருகின்றன, ஹெட்டராக்டிஸ் மேக்னிஃபிகாவில் குடியேறியவற்றுக்குத் தாமதமாக வருகின்றன. காரணம் தைராய்டு ஹார்மோன். ஒரே இனம், ஒரே வளைகுடா. வீடு வேறு என்பதால் பட்டை வரும் வேகம் வேறு. அதே போல கிளார்கீ, ஸ்டைக்கோடாக்டைலா மெர்டென்சீயில் இருந்தால் உடம்பு அதிகம் கறுத்துவிடுகிறது. அட்டை எதை மீனின் நிரந்தர அடையாளம் என்று காட்டுகிறதோ, அதில் ஒரு பங்கு மீன் குடியிருந்த வீட்டின் அடையாளம்.

ஆணா, பெண்ணா

இப்போது என் மீனைக் கொன்ற கேள்விக்கு வருகிறேன்.

கோமாளி மீன் எல்லாம் முதலில் ஆணாகிப் பிறகு பெண்ணாகும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அட்டைகளும் சொல்கின்றன: "பெரியது பெண், சிறியது ஆண்." கடலில் இது கச்சிதமாகச் சரி. ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் சிமோன் ஃப்ரிக்கேயும் 1977-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: பெண் போய்விட்டால் அதன் துணையான ஆண், பெண்ணாகிறது. ஒரு சாமந்தியில் ஒரு குடும்பம். மூத்தது பெண், அடுத்தது ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாமல் வரிசையில் காத்திருப்பவை. பீட்டர் பஸ்டன் 2003-ல், பாப்புவா நியூ கினியின் மடாங் பகுதியில் பெர்குலாக்களை அளந்து எழுதியது இன்னும் சுவாரசியம். வரிசையில் காத்திருப்பவை தங்கள் வளர்ச்சியைத் தாங்களே அடக்கிக்கொள்கின்றன. மேலே இருப்பதைவிட எப்போதும் ஒரு படி சின்னதாகவே இருக்கின்றன. அளவில் எட்டிப்பிடித்தால் அடி விழும், விரட்டப்படும். வீடு இல்லாத கோமாளி மீன் கடலில் பிழைக்காது.

இந்த இடத்தில் அட்டையை மறுபடி படியுங்கள். "பெரியது பெண்." எதைவிடப் பெரியது? ஒரே வீட்டில் கூட வாழ்கிறதைவிட. அந்த "விட" இல்லையென்றால் வாக்கியத்துக்கு அர்த்தமே இல்லை. கடையில் என்ன நடக்கிறது? வேறு வேறு லாட்டில் வந்தவற்றைப் பகிர்ந்து போடுகிறார்கள். ஒரு தொட்டியின் தலைவியும் இன்னொரு தொட்டியின் தலைவியும் ஒரே அளவில் இருக்கலாம். ஆறு சென்டிமீட்டர் மீன் ஆணா பெண்ணா என்று கேட்டால், நேற்று வரை அது யாரோடு இருந்தது என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

என் மீன்கள் இரண்டும் ஒரே அளவு. அதுவே எச்சரிக்கை. இயற்கையான ஜோடியில் அப்படி இருக்காது. "கிட்டத்தட்ட ட்வின்ஸ் மாதிரி இருக்கு" என்று சந்தோஷப்பட்டு வாங்கினேன். பெரும்பாலும் இரண்டும் பெண், அல்லது இரண்டும் பெண்ணாகும் பாதையில் இருந்திருக்க வேண்டும். பெண்ணானது திரும்ப ஆணாவதில்லை. அதனால் விட்டுக்கொடுக்க இரண்டாலும் முடியவில்லை. தொட்டியில் ஓடிப்போகவும் இடமில்லை.

உடம்பைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடாதா? அதுவும் நேரடியாக இல்லை. பெண்ணாகாத கோமாளி மீனின் இனப்பெருக்க உறுப்பில் விந்தகத் திசுவும் சினைப்பைத் திசுவும் சேர்ந்தே இருக்கின்றன. ஓசெல்லாரிஸில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, மாற்றம் தொடங்கும்போது மூளையின் ஒரு பகுதி முதலில் பெண்ணுக்குரிய நிலைக்கு வந்துவிடுகிறது, கீழே உறுப்பு இன்னும் ஆண் நிலையிலேயே இருக்கும்போது. நடத்தை பெண், உறுப்பு ஆண், அப்படி ஒரு இடைக்காலம். அந்த நாட்களில் "ஆணா பெண்ணா" என்று இரண்டு கட்டம் போட்ட படிவத்தை நீட்டினால் மீன் எதில் டிக் அடிக்கும்? என் வேலையில் இப்படிப்பட்ட தகவலை நிலையான குணம் என்று சேமித்தால் யாராவது திட்டுவார்கள். மாறும் நிலை என்று, தேதி போட்டுச் சேமிக்க வேண்டும்.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். எல்லா மீனுக்கும் அட்டை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. மாண்டரின் மீனில் ஆணுக்கு முதுகுத் துடுப்பின் முதல் முள் நீண்டிருக்கும், கடையில் நின்றே பார்த்துவிடலாம். ஸ்குவாமிபின்னிஸ் ஆந்தியாஸில் பெண் ஆரஞ்சு, ஆண் ஊதா கலந்த நிறம், முதுகில் ஒரு முள் வால் போல நீளும். இதில் திசை தலைகீழ், ஆணை எடுத்துவிட்டால் ஒரு பெண் ஆணாகும். அங்கே நிலை உடம்பில் தெரிகிறது, அதனால் அட்டை வேலை செய்கிறது. எதிர்முனையில் பாங்காய் கார்டினல் மீன். முட்டையை வாயில் வைத்துக் காப்பது ஆண்தான், தாடை புடைத்திருக்கும்போது பார்த்தால் உறுதி. மற்ற நாட்களில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். கிளார்கீயிலேகூட ஜப்பான் பக்கத்தில் வால் நிறத்தை வைத்துப் பால் சொல்லலாம், ஆணுக்கு மஞ்சள், பெண்ணுக்கு வெள்ளை. ஊர் மாறினால் அந்த விதியை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆக ஒரு அட்டையைப் பார்த்தவுடன் கேட்க வேண்டியது, இந்தக் குறி எந்த இடத்தில், எந்த நேரத்தில் உண்மை என்பதுதான். அதைச் சொல்லாத அட்டை பாதி அட்டை.

அப்படியானால் என்ன செய்வது

நான் ஒரு அட்டை போட்டால் அது பார்க்க அழகாக இருக்காது. முதல் வரி: எங்கே பிடித்தது, அல்லது யார் வளர்த்தது, தாய் தகப்பன் என்ன? இரண்டாவது வரி: இதுவரை யாரோடு இருந்தது? அதற்கப்புறம்தான் கறுப்புக் கரை, கண் வளையம், முள். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் "வழக்கமாக", "அரிதாக" என்ற சொற்கள் இருந்தபடியே இருக்கும். கடைசியில் "தெரியவில்லை" என்று ஒரு கட்டம். ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் கூச்சப்படுவதில்லை. இனம் உறுதியாகாவிட்டால் பேரினத்தின் பெயரை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வார்கள். கடை லேபிளில்தான் நிறுத்துவதற்கு இடமில்லை, ஏனென்றால் பெர்குலா என்று எழுதினால் ஒரு விலை, கோமாளி மீன் என்று எழுதினால் வேறு விலை.

யாருக்கு இதில் நஷ்டம் என்று கேட்கலாம். வீட்டில் முட்டை வைத்து வளர்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர். தப்பான பெயரில் வாங்கிய இரண்டைச் சேர்த்தால் பிறக்கும் குட்டிகள் கலப்பு. அவை மறுபடி ஒரு பெயரோடு கடைக்குப் போகும். மூன்றாவது தலைமுறையில் முள் எண்ணி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பாலைத் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதை நான் ஹீட்டருக்குப் பின்னால் பார்த்துவிட்டேன்.

ஜோடி வேண்டுமென்றால் "கன்ஃபார்ம் பேர்" தேட வேண்டாம் என்பதுதான் நான் கற்றது. ஏற்கெனவே ஒரே தொட்டியில், பெரியதும் சிறியதுமாகச் சண்டையின்றி இருக்கும் இரண்டை வாங்கலாம். அல்லது இரண்டு குட்டிகளை வாங்கி, யார் மூத்தவர் என்பதை அவையே தீர்மானித்துக்கொள்ள விடலாம். அப்போது ஆண் பெண் என்ற கேள்விக்கு நாம் பதில் தேட வேண்டியதில்லை. அவையே பதிலை உண்டாக்கிக்கொள்ளும்.

மிஞ்சிய மீன் மூன்று மாதம் தனியாக இருந்தது. பிறகு மூன்று சென்டிமீட்டர் கூட இல்லாத ஒரு குட்டியை, துளை போட்ட டப்பாவில் ஒரு வாரம் வைத்துப் பழக்கி, விட்டேன். பெரியது பாய்ந்து வந்தது. குட்டி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து உடம்பு முழுக்க நடுங்கியது. முதல் தடவை பார்ப்பவருக்கு வலிப்பு வந்த மாதிரி இருக்கும், மகள் பயந்துவிட்டாள். அது "நீதான் பெரியவள்" என்று ஒப்புக்கொள்ளும் சைகை. பெரியது ஒரு சுற்று சுற்றிவிட்டு விலகிப் போனது. இன்று வரை இரண்டும் பிழைத்திருக்கின்றன.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அதில் "பெர்குலா ஜோடி" என்று எழுதியிருந்ததை மகள் அடித்துவிட்டு, நான் சொல்லச் சொல்ல இப்படி எழுதினாள்: "ஆம்ஃபிப்ரியான். ஓசெல்லாரிஸ் அல்லது பெர்குலா அல்லது கலப்பு. வந்த இடம் தெரியாது. பெரியது பெண்ணாக இருக்கலாம், தேதி போட்டுப் பார்க்கவும்." எழுதி முடித்துவிட்டு, "இவ்வளவு படிச்சும் உனக்கு ஒண்ணுமே தெரியலையாப்பா?" என்று கேட்டாள். முன்னாடி தப்பாகத் தெரிந்திருந்தது என்று சொன்னேன். அவளுக்கு அது பதிலாகத் தோன்றவில்லை.